டென்ட் அடிக்கும் முன் உயரத்தை அளந்துவிடுங்கள்: மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஓர் இரவுப் படகுப் பயணம்

படகில் போய், கரையில் ஓர் இரவு தங்கி, மறுநாள் திரும்பும் பயணத்துக்கு இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை கனடாவின் ஏரிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒன்டாரியோவில் 1893-இல் அமைக்கப்பட்ட அல்கான்குவின் பூங்கா மாதிரியான இடங்கள் அவை. அங்கே தண்ணீர் கடுங்குளிர். விழுந்தவருக்குச் சில நிமிடங்களில் கைவிரல் விறைத்துவிடும். கரடிக்கு எட்டாதபடி சாப்பாட்டுப் பையை மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஏரியின் மட்டம் ஒரே இரவில் பெரிதாக மாறாது என்ற நம்பிக்கையில் தண்ணீரை ஒட்டியே டென்ட் அடிப்பார்கள்.

பென்னாகரம் பக்கத்துக் காவிரியில் இந்த மூன்றுமே வேறு. இங்கே தண்ணீர் வெதுவெதுப்பானது, ஆளைச் சாய்ப்பது வெயில். மரத்தில் தொங்கும் பை யானையின் தும்பிக்கைக்கு எட்டும். தண்ணீர் மட்டமோ, வானத்தில் ஒரு மேகம் இல்லாத இரவிலும் ஏறும். மழைக்காலத்தின் நடுவிலும் இறங்கும். குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழைதான் மேட்டூர் நீர்த்தேக்கக் கரையிலுள்ள நாகமரையில் நம் காலை நனைக்கிறது. இந்தக் கடைசி விஷயம் புரிந்துவிட்டால் மற்ற திறமைகளைப் படிப்படியாகக் கற்றுக்கொள்ளலாம். இது புரியாமல் எவ்வளவு நன்றாகத் துடுப்புப் போட்டும் பயனில்லை.

எங்கே தங்கலாம் என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். ஒகேனக்கல்லுக்கு மேலே, பிலிகுண்டுலு, ராசிமணல், கேரட்டி என்று வரும் கரைக்காடுகளில் சொந்தப் படகை இறக்கித் தங்கும் எண்ணமே வேண்டாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காடுகளில் பெரும்பகுதி இப்போது சரணாலயம். காவிரி வடக்கு 2014-லும், காவிரி தெற்கு 2022-லும் அறிவிக்கப்பட்டன. எதிர்க்கரையில் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம், தீ மூட்டுவது தனிக் குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அது யானை இரவில் தண்ணீருக்கு இறங்கும் கரை. அங்கே நமக்கு வேலை இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஏற்றது, ஏரியூர், நெருப்பூர் தாண்டிப் போனால் வரும் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தருமபுரிக் கரை. நாகமரை, ஒட்டனூர் பக்கங்களில் காலங்காலமாகப் பரிசல் ஓடுகிறது. நாகமரையிலிருந்து பண்ணவாடிக்கும், ஒட்டனூரிலிருந்து கோட்டையூருக்கும் மக்கள் தினமும் கடந்து போகிறார்கள். ஆள் நடமாட்டமுள்ள கரை என்பதே பெரிய பாதுகாப்பு. அங்கேயும் காப்புக்காட்டை ஒட்டிய ஓரங்களை விட்டுவிட்டுப் பட்டா நிலத்தில், நிலத்துக்காரரிடம் நேரில் கேட்டுத் தங்குங்கள். படகை இறக்க நீர்வளத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் எத்தனை பேர், எந்தத் தேதி, எந்த இடம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அணை வற்றிய மாதங்களில் வெறும் பொட்டலாகத் தெரியும் படுகையில் எள்ளோ கடலையோ விதைத்திருப்பார்கள். முளை தெரியவில்லை என்று அதன்மேல் டென்ட் அடித்துவிடக் கூடாது. உழுத கோடு கண்ணுக்குப் பட்டால் அது ஒருவருடைய விளைநிலம்.

இனி உயரம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). நிரம்பும்போது நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல். இந்த எண்களை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். விநாடிக்கு 1 லட்சம் கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 8.64 டிஎம்சி. அணை ஏறக்குறைய நிரம்பிய நிலையில் ஓர் அடி உயர சுமார் 1.65 டிஎம்சி வேண்டும். அப்படியானால், திறப்பு ஒன்றும் இல்லையென்றால், ஒரே நாளில் 5 அடிக்குமேல் ஏறிவிடும். மட்டம் 80, 90 அடியில் இருக்கும்போது நீர்ப்பரப்பு சுருங்கியிருக்கும். அதே வரத்து இன்னும் வேகமாக ஏற்றும்.

ஐந்தடி என்றால் காதுக்குப் பெரிதாகப் படாது. கரையின் சரிவோடு சேர்த்துப் பாருங்கள். நாகமரைப் பக்கத்துப் படுகையில் 20 அடி நடந்தால் ஓர் அடி மட்டுமே ஏறும் சாய்வான இடங்கள் நிறைய உண்டு. அந்தச் சரிவில் 5 அடி ஏற்றம் என்பது தண்ணீர் 100 அடி உள்ளே வந்து நிற்பது. இரவு 8 மணிக்குப் படுத்து காலை 6 மணிக்கு எழுந்தால் 10 மணி நேரம். 2 அடிக்குச் சற்று மேல் ஏற்றம். நாற்பது அடிக்குமேல் உள்வரவு. தண்ணீரிலிருந்து 30 அடி தள்ளி அடித்த டென்ட் விடியும் முன்பே நனைந்திருக்கும். கட்டாமல் விட்ட படகு போயிருக்கும். தள்ளி அடித்தோமே என்ற நிம்மதியில் தூங்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

ஆகவே தூரத்தைக் காலடியால் எண்ணாமல் உயரத்தைக் கண்ணால் அளக்க வேண்டும். கருவி ஒன்றும் வேண்டாம், பாதி தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் போதும். தண்ணீர் ஓரத்தில் நேராக நின்று, பாட்டிலைப் படுக்கவைத்த மாதிரி கண்ணுக்கு நேரே பிடியுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீரின் மேல்மட்டம் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் வழியே கரைச் சரிவைப் பாருங்கள். கோடு எந்தக் கல்லில், எந்தச் செடியில் போய் முட்டுகிறதோ அது உங்கள் கண் உயரத்தில், அதாவது ஏறக்குறைய 5 அடி மேலே இருக்கிறது. அந்தக் கல்லுக்கு நடந்து போய் மறுபடியும் இப்படிப் பாருங்கள். அடுத்த புள்ளி 10 அடி. ஜனவரி முதல் மே வரை டென்ட் அந்த 10 அடிப் புள்ளிக்கு மேல்தான் வரவேண்டும். ஜூன் முதல் டிசம்பர் வரை இந்தக் கணக்கும் போதாது. முழு நீர்மட்டக் கோட்டுக்கு மேலே போய்விட வேண்டும். பாறைகளில் வெளுப்பாகப் படிந்த வரியும், அதற்கு மேல் முள்ளும் மரமும் தொடர்ந்து வளர்ந்திருப்பதும் அந்தக் கோட்டைக் காட்டிக்கொடுக்கும். கோட்டுக்குக் கீழே இருக்கும் செடிகள் பெரும்பாலும் இளஞ்செடிகள்.

சாயங்காலம் 6 மணிக்குத் தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சி நடுங்கள். அதிலிருந்து கரைப்பக்கம் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கூழாங்கல் வையுங்கள். 9 மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று கல் முங்கியிருந்தால் இரவு முழுக்க எவ்வளவு வரும் என்று தெரிந்துவிடும். சாமானை உடனே மேலே நகர்த்துங்கள். குச்சி காய்ந்த மண்ணில் நின்றால் வேறொரு சிக்கல். டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். திறப்பு 12,000 கனஅடி அளவில் இருந்து வரத்து குறைவாக இருந்தால் நாளுக்கு 1 டிஎம்சி போகும், மட்டம் அரையடிக்குமேல் இறங்கும். மெல்லிய சரிவில் அது பன்னிரண்டு அடி அகலச் சேறு. காலையில் படகு அந்தச் சேற்றுக்கு இந்தப்பக்கம் நிற்கும். அதனால்தான் ஜனவரிப் பயணத்தில் படகை ஏற்றும் இடம் பாறையோ சரளையோ உள்ள இடமாக இருக்க வேண்டும்.

மேல் காய்ந்து வெடித்திருக்கும் சேறு ஏமாற்றும். மேலே ஓடு மாதிரி கெட்டியாக இருக்கும், கீழே முழங்கால் ஆழத்துக்குக் களி. கால் புதைந்தால் மற்றக் காலை ஊன்றி இழுக்காதீர்கள், அதுவும் புதையும். துடுப்பைக் குறுக்கே படுக்கவைத்து அதன்மேல் சாய்ந்து, உடல் எடையைப் பரப்பி, புதைந்த காலை மெல்ல ஆட்டி ஆட்டித் தண்ணீரும் காற்றும் உள்ளே போகவிட்டு உருவ வேண்டும். செருப்பு போனால் போகட்டும்.

புறப்படும் வாரம் முழுக்க மேட்டூர் நீர்மட்டம், வரத்து, திறப்பு ஆகிய மூன்று எண்களையும், கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவின் அளவையும் தினமும் குறித்து வாருங்கள். நாளிதழில் வரும், டிவியில் வரும். ஒரு நாளின் எண்ணைவிட எண் போகும் திசைதான் முக்கியம். வரத்து இரண்டு நாள் தொடர்ந்து கூடிக்கொண்டு போனால் தேதியை மாற்றுங்கள். ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை போட்டிருக்கும் நாளில் கீழே நீர்த்தேக்கத்திலும் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மாதம் என்று கேட்டால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெயிலும் சாயங்கால இடியும் சேர்ந்து வரும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று நீர்ப்பரப்பு முழுவதையும் உழுதுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஓடைகளில் திடீரென்று வெள்ளம் இறங்கும்.

நல்ல மாதத்திலும் நல்ல நேரம் என்பது காலை 6 முதல் 10 வரைதான். வெயில் ஏற ஏறக் காற்றும் கிளம்பும். அகன்ற நீர்ப்பரப்பில் காற்றுக்கு ஓடிவர இடம் அதிகம். எவ்வளவு தூரம் தடையில்லாமல் வருகிறதோ அவ்வளவு பெரிய அலை. அலையின் நுனி அங்கங்கே வெள்ளையாக உடையத் தொடங்கினால் காற்று மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். சாமான் ஏற்றிய திறந்த கேனோவுக்கு (நீளமான, ஒடுங்கிய துடுப்புப் படகு) அதுதான் எல்லை. உடனே கரை ஒதுங்குங்கள், காற்று விழும்வரை காத்திருங்கள். சாமானோடு அமைதியான தண்ணீரில் இரண்டு பேர் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் போகலாம், எதிர்காற்றில் அது பாதியாகும். ஒரு நாளுக்கு 10 கிலோமீட்டருக்குமேல் திட்டம் போடாதீர்கள். முதல் நாள் காற்றுக்கு எதிராகப் போய் மறுநாள் காற்றோடு திரும்புவது நல்லது. களைத்த நாளில் காற்று துணைக்கு வரும்.

கரையை ஒட்டியே போங்கள். 50 மீட்டருக்குள் இருந்தால் கவிழ்ந்தாலும் நீந்திச் சேரலாம். வாய் அகன்ற ஒரு வளைவைக் குறுக்கே வெட்டிப்போக ஆசை வரும். மிச்சமாகும் அரைமணி நேரத்துக்காக ஒரு கிலோமீட்டர் திறந்த தண்ணீரில் நிற்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். அலை பக்கவாட்டில் அடித்தால் படகு உருளும். நேர் எதிரே வைத்தால் மூக்கு அலைக்குள் குத்தும். இரண்டுக்கும் நடுவே சாய்வாக வைத்து, முட்டி போட்டு உட்கார்ந்து, எடையைக் கீழே கொண்டுவாருங்கள். ஆபத்தென்று பட்டதும் எழுந்து நிற்பது மனித இயல்பு. படகில் அதுதான் கவிழ்க்கும்.

எந்தப் படகு? நம் பரிசல் ஆழமில்லாத தண்ணீருக்கும் பாறைக்கும் பிறந்தது. மூங்கில் பின்னலின்மேல் முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் படுதாவும் தாரும். வட்டமாக இருப்பதால் எந்தப் பக்கமும் திரும்பும். அதே காரணத்தால் நேராகப் போக வைப்பது கைப்பழக்கம். ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் அதே இடத்தில் சுற்றும். முன்பக்கம் உட்கார்ந்து தண்ணீரைத் தன்னை நோக்கி இழுத்து, இடமும் வலமும் எட்டு எழுதுவது மாதிரி துடுப்பை ஆட்டுவார்கள். காற்று வந்தால் பரிசல் இலை மாதிரி அடித்துக்கொண்டு போகும். அந்த ஊர்க்காரர் ஓட்ட, நீங்கள் உட்கார்ந்து போக என்றால் பரிசல் மிக நல்லது. நீங்களே ஓட்டி இரவு தங்க என்றால் 16 அடி கேனோவோ, இரண்டு பேருக்கான காற்றடைத்த கயாக் என்னும் சிறு துடுப்புப் படகோ சரி.

காற்றடைத்த கயாக்கில் குறைந்தது மூன்று தனித்தனி அறைகள் இருக்க வேண்டும், ஒன்று போனாலும் மற்றவை தாங்கும். மதியம் கரையில் வெயிலில் விட்டால் உள்காற்று விரிந்து தையல் பிரியும். நிறுத்தியதும் கொஞ்சம் காற்றை விடுங்கள். தண்ணீரில் இறக்கியதும் குளிர்ந்து தொய்யும், மறுபடி அடியுங்கள். பம்பும் ஒட்டுத் துணியும் பசையும் தனிப்பையில் கைக்கெட்டும் இடத்தில். கருவேல முள் கரையெங்கும் கிடக்கும். இழுத்துக்கொண்டு போகாமல் இரண்டு பேரும் தூக்கிப் போங்கள்.

சாமான் ஏற்றியபின் படகின் விளிம்பு தண்ணீருக்குமேல் குறைந்தது 15 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைவாகவாவது தெரிய வேண்டும். கனமான பொருள் நடுவில், அடியில். முன்பக்கம் கனத்தால் திரும்பாது, பின்பக்கம் கனத்தால் காற்று மூக்கைத் தள்ளும். முன்னும் பின்னும் 4 மீட்டர் கயிறு கட்டிச் சுருட்டிச் செருகி வையுங்கள். தளர்ந்த கயிறு படகுக்குள் கிடக்கக் கூடாது, கவிழும்போது காலைச் சுற்றும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனின் அடியைச் சாய்வாக வெட்டினால் தண்ணீர் இறைக்க அதைவிட நல்ல கருவி இல்லை. கைப்பிடியில் கயிறு போட்டுப் படகோடு கட்டிவிடுங்கள். போன், தீப்பெட்டி, மருந்து, மாற்றுத்துணி நான்கும் நீர்புகாத பையில். கையில் அது இல்லாவிட்டால் கனமான பிளாஸ்டிக் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, வாயை முறுக்கி, மடித்துக் கட்டுங்கள்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் எந்தச் சலுகையும் கிடையாது. கிணற்றில் குதித்து நீச்சல் கற்ற ஊர் நம்முடையது. அதனால் ஜாக்கெட் எதற்கு என்ற பேச்சு எப்போதும் வரும். கிணற்றில் அலை இல்லை, பக்கத்திலேயே படி இருக்கிறது, உடுப்பு நனைந்து இழுப்பதில்லை. போட்டுக்கொண்டு எல்லாப் பட்டையையும் இறுக்கியபின், இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். ஜாக்கெட் தாடையைத் தாண்டி ஏறினால் தண்ணீரிலும் அப்படித்தான் கழன்று வரும். உட்கார்ந்து உட்கார்ந்து நசுங்கிய பழைய ஜாக்கெட்டின் ஃபோம் மிதக்கும் சக்தியை இழந்திருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் காலை மடக்கிப் பாருங்கள், வாய் தண்ணீருக்குமேல் நிற்க வேண்டும். பட்டையில் ஒரு விசில். தலைக்குமேல் வெயில் அடித்தாலும் கழற்ற வேண்டாம், நனைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கவிழ்ந்தால் முதலில் விசில் ஊதி இன்னொருவர் எங்கே என்று பாருங்கள். பிறகு படகைப் பிடியுங்கள். படகு மிதக்கும், தூரத்திலிருந்து தெரியும். காற்று அதை நீந்துவதைவிட வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும், ஆகவே ஒரு கை எப்போதும் கயிற்றில். கரை பக்கமென்றால் படகைப் பிடித்தபடி காலை உதைத்துக் கரைக்குப் போங்கள். தூரமென்றால், ஒருவர் எதிர்ப்பக்க விளிம்பில் தொங்கிச் சமன்செய்ய, மற்றவர் காலைப் பின்னால் உதைத்து உடலைத் தண்ணீர்மட்டத்துக்குப் படுக்கையாகக் கொண்டுவந்து, மீன் துள்ளுவது மாதிரி வயிறு விளிம்பில் விழும்படி ஏற வேண்டும். நேராகத் தொங்கிக்கொண்டு கையால் மட்டும் இழுத்தால் ஏறமுடியாது, மூன்று முயற்சியில் பலம் போய்விடும். இதைக் கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் நான்கு தடவை செய்து பழகாமல் யாரும் பயணம் கிளம்பக் கூடாது.

தண்ணீருக்குள் மறைந்திருப்பவையும் உண்டு. 1934-இல் அணை கட்டி முடிந்தபோது முங்கிய ஊர்களின் மிச்சங்கள் அடியில் இருக்கின்றன. மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வருவதை நாம் செய்தியில் பார்க்கிறோம். வெளியே வருவதற்கு ஒரு வாரம் முன்பு அது தண்ணீருக்கு ஓரடி கீழே நிற்கிறது. பட்டுப்போன மரக்கட்டைகளும் அப்படியே. மட்டம் குறையும் மாதத்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கண் தண்ணீரைவிட்டு நகரக் கூடாது. வரிசையாக மிதக்கும் தெர்மாகோல் துண்டோ பிளாஸ்டிக் பாட்டிலோ தெரிந்தால் அது மீன்வலை. சுற்றிப் போங்கள். துடுப்பு சிக்கினால் பொறுமையாக அவிழுங்கள், ஒருபோதும் அறுக்காதீர்கள். அது அவர்களுடைய பிழைப்பு; மேலும் ஆபத்தில் முதலில் வரப்போகிறவர்களும் அந்த மீனவர்கள்தான்.

இடம் பார்க்கும்போது உயரத்துக்கு அடுத்தது ஓடை. ஓடை வந்து சேரும் வாய் மணலாக, சமமாக, அழகாக இருக்கும். மேட்டில் கோடைமழை பெய்தால் அரைமணியில் அது ஆறு. யானைத்தடமும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் தண்ணீருக்கு இறங்கும். யானை லத்தி, அதாவது சாணம், கிடக்கிறதா, அதில் ஈரம் இருக்கிறதா, மரத்தில் ஆள் உயரத்துக்குமேல் சேறு தேய்த்த தடம் இருக்கிறதா என்று வெளிச்சம் இருக்கும்போதே சுற்றிப் பாருங்கள். ஏதாவது ஒன்று புதிதாகத் தெரிந்தாலும் இடத்தை மாற்றுங்கள். வாழைப்பழம், வெல்லம், மாம்பழம், உப்பு மூட்டை எதையும் இரவுக்கு வைத்திருக்க வேண்டாம். யானைக்கு மூக்குதான் கண். நள்ளிரவில் கிளை ஒடியும் சத்தம் கேட்டால் டார்ச்சை முகத்தில் அடிக்காமல், கத்தாமல், காற்றின் திசையைப் பார்த்து விலகிப்போக வேண்டும். எந்தப் பக்கம் விலகுவது என்பதைப் பகலிலேயே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காவிரியில் முதலை உண்டு. இருட்டியபின் தண்ணீர் ஓரத்தில் பாத்திரம் கழுவுவதும், மீன் அலசுவதும், குனிந்து முகம் கழுவுவதும் வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே வாளியில் எடுத்துவந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்புக்கு, டென்ட்டின் ஜிப்பை ஐந்து நிமிடத்துக்குக்கூடத் திறந்துபோடாமல் இருப்பதே பெரிய காவல். கட்டுவிரியன் இரவில் தரையில் தூங்குபவரைக் கடிக்கும்; வலி பெரிதாக இருக்காது, தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தொங்குதல், பேச்சுக் குழறல் வந்தால் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடித்த கை காலை அசையாமல் குச்சி வைத்துக் கட்டி, நடக்கவிடாமல் படகில் படுக்கவைத்து, 108-ஐ அழையுங்கள். கயிற்றால் இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலைக்காக நிற்பது எல்லாம் நேரத்தையும் உயிரையும் தின்னும். நஞ்சுமுறிவு மருந்து ஒன்றுதான் வேலை செய்யும், அது அரசு மருத்துவமனையில் இருக்கிறது.

குடிதண்ணீரில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு தனி எச்சரிக்கை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அதற்காகத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. கரையோரத் தோட்டத்துப் போர்வெல் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும், கொதிக்கவைத்தால் அதில் கிருமி மட்டுமே சாகும். புளோரைடு அப்படியே நிற்கும், நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது என்றாலும் வீட்டிலிருந்து கொண்டுபோவதே என் பழக்கம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு குடிக்கவும் சமைக்கவும் 4 லிட்டர், மார்ச்சில் 5. ஆற்றுத் தண்ணீரை எடுக்க நேர்ந்தால் நான்காக மடித்த வேட்டியில் வடிகட்டி, கலங்கலாக இருந்தால் தேற்றான்கொட்டையைப் பாத்திரத்தின் உட்புறம் இழைத்துத் தெளியவைத்து, பிறகு தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பச்சை பெயின்ட் கொட்டியது மாதிரி பாசி மிதக்கும் இடத்துத் தண்ணீரை எதற்கும் எடுக்காதீர்கள். அந்த நஞ்சு கொதியில் போகாது.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வேளைக்குப் புளிசாதம், இரவுக்கு ராகி களி. ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், உப்பு, ஒரு கைப்பிடி நொய். இருபத்தைந்து நிமிடத்தில் இரண்டு பேருக்கு வயிறு நிறையும். கடைந்த கீரை இல்லாவிட்டாலும் கடலைச் சட்னிப் பொடி போதும். மதியத்துக்கு உப்புப் போட்ட மோர்க்கூழ். வெயிலில் துடுப்புப் போடுபவருக்கு அதைவிட நல்லது இல்லை. சிறிய கேஸ் அடுப்பு கொண்டுபோங்கள், விறகு பொறுக்க வேண்டாம். மாசி, பங்குனியில் காய்ந்த புல் ஒரு பொறிக்குப் பற்றும். அடுப்பை டென்ட்டுக்குள் ஒருபோதும் கொளுத்தக் கூடாது. துணிக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை, மணமில்லாத புகை தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

மலம் கழிக்கக் குழி ஒரு சாண் ஆழம், முழு நீர்மட்டக் கோட்டுக்கு மேலே. தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி என்று மற்ற நாட்டுக் குறிப்புகள் சொல்லும். இங்கே வற்றிய மாதத்தில் 200 அடி தள்ளித் தோண்டிய குழி, ஆவணியில் அணைத்தண்ணீருக்குள் இருக்கும். அந்தத் தண்ணீரைக் கீழே எத்தனையோ ஊர் குடிக்கிறது.

இடிக்கு ஒரு கணக்கு. மின்னலைப் பார்த்து எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மறுபடி இறங்கலாம். தனியாக நிற்கும் புளியமரத்தடியும் பனையடியும் ஒதுங்குவதற்கான இடம் அல்ல. பக்கத்தில் கட்டிய வீடோ மூடிய வண்டியோ இருந்தால் அதற்குள் போங்கள்.

ஒகேனக்கல் பரிசல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓடும் தண்ணீரைப் படிக்க அதுதான் நல்ல பள்ளிக்கூடம். சின்னாறு துறையில் ஏறிக் கோத்திக்கல், மணல்மேடு என்று போகும்போது ஓட்டுபவர் எந்த இடத்தில் துடுப்பை மாற்றுகிறார் என்று கவனியுங்கள். நீரோட்டத்தின் திசையில் குவியும் நாக்கு மாதிரியான வழவழப்பு ஆழமான வழி. மேல்நோக்கிக் குவிந்து இரண்டாகப் பிரியும் நுரையின் முனையில் பாறை இருக்கிறது. பெரிய பாறைக்குக் கீழ்ப்பக்கம் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடும். அங்கே படகை நிறுத்தி மூச்சு வாங்கலாம். விழுந்துவிட்டால் மல்லாந்து படுத்து, கால் இரண்டும் ஓட்டத்தின் திசையில், பாதம் மேலே தெரியும்படி போங்கள். முழங்காலுக்குக் கீழ் ஆழம் வரும்வரை நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் ஓட்டம் உங்களை முன்னால் மடக்கி முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். கரையின் நீர்மருது மரக்கிளைகள் ஆற்றுக்குள் சாய்ந்திருக்கும் இடம் அதைவிட மோசம். தண்ணீர் கிளைகளுக்கு நடுவே போகும், ஆள் போகமுடியாது. அதை நோக்கி அடித்துச் செல்லப்பட்டால் அங்கே மட்டும் குப்புறத் திரும்பி, தலை முன்னால் நீந்தி, கிளையின்மேல் ஏறிவிட வேண்டும்.

காலையில் முதல் வேலை குச்சியைப் பார்ப்பது. பிறகு படகின் அடியையும் செருப்பையும் தட்டிப் பாருங்கள், தேள் இருக்கும். ஆறரைக்குள் தண்ணீரில் இறங்கினால் பத்து மணிக்குத் துறைக்கு வந்துவிடலாம். ஊரில் ஒருவரிடம் எங்கே தங்குகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். கரையேறியதும், சாமானை இறக்கும் முன்பே, அவரை அழையுங்கள். சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் கரை அது. மேட்டில் ஏறி, அவர் குரல் கேட்டபிறகு இறங்கி வந்து படகைக் கழுவலாம்.